ஐந்து இலை

அட்டையில் ஆறு பச்சை.
முதலாவதைப் பச்சை என்று சொல்ல மனம் வராது.
ஆறாவதைப் பார்த்தால் கடன் நினைவுக்கு வரும்.
வெள்ளைப்பொன்னிக்கு மூன்று போதும் என்று
பின்பக்கம் அச்சடித்திருக்கிறது.
அதன் கீழே யாரோ பேனாவால் கோடு போட்டிருக்கிறார்கள்,
நானாகத்தான் இருக்க வேண்டும்.

ஐப்பசி, செவ்வாய், காலை எட்டரை.
கோட்டூருக்குத் தெற்கே, கடைமடை,
குத்தகைக்கு எடுத்த ஆறு மா.
வெயிலுக்கு முதுகைக் கொடுத்து
என் நிழல் இலைமேல் விழும்படி நிற்கிறேன்.
வெயிலில் பார்த்தால் இலை பொய் சொல்லும்.
ஒரே ஆள் பார்க்க வேண்டும், ஒரே நேரத்தில்;
கண் மாறினால் பச்சை மாறிவிடும்.
போன வாரம் நாத்தனார் மகளின் சடங்குக்கு
அதனால்தான் பத்தரைக்குப் போய்ப் பேச்சு வாங்கினேன்.

வரப்போரம் வேண்டாம், நடுவயல்.
முழுதாய் விரிந்த மேல் இலை, பறிக்காமல்.
முதலாவது மூன்றைத் தொடுகிறது.
இரண்டாவது தொடவில்லை.
அடுத்ததை மடித்துக்கொண்டு ஒரு புழு குடியிருக்கிறது,
அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.
பத்து முடிந்தபோது
ஐந்து சரி, ஐந்து வெளுப்பு.
ஆறு வெளுத்தால் போடு, இல்லையென்றால் பொறு
என்கிறது அட்டை.
அதற்கென்ன, அட்டை.

அடுத்த வயல் வேதரத்தினம் எண்ணுகிறவர் இல்லை.
மடித்துக் கட்டிய லுங்கியிலிருந்து
ஜவ்வரிசிபோல் யூரியாவை வீசிக்கொண்டே,
"பயிரு வெளுத்துக் கெடக்கே செங்கமலம்,
பாக்குறவங்க என்ன சொல்லுவாங்க?"
பார்க்கிறவர்கள் பஸ்ஸிலிருந்துதான் பார்க்கிறார்கள்.

வீட்டு மூலையில் என் மூட்டை, நாற்பத்தைந்து கிலோ.
சொசைட்டியில் மூன்று நாள் நின்று வாங்கியது,
வேண்டாத பாட்டில் ஒன்றையும் சேர்த்துக் கட்டினார்கள்.
பிரிக்காத மூட்டை இருக்கும் வீட்டில்
தூக்கம் வராது என்று
இந்த வருஷம்தான் தெரிந்தது.

அன்றிரவு பெய்தது.
மூன்று மணிக்கு மண்வெட்டியோடு ஓடினால்
வேதரத்தினம் ஏற்கனவே மடையை வெட்டிக்கொண்டிருந்தார்.
பயிர் மூழ்குகிறது, வேறு வழி?
டார்ச் வெளிச்சத்தில் தண்ணீர் தண்ணீராகத்தான் இருந்தது.
காலையில் வீசியது அதில் எங்கே போகிறது என்று காட்ட
ஒரு நிறமும் இல்லை.
நானும் வெட்டினேன்.
ஆவணியில் மிதித்த கொளுஞ்சியின் கருப்பு
என் மடையிலும் கொஞ்சம் போயிருக்கும்.

அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.
எனக்கு வரும் வாய்க்காலே
மேலே யாரோ வெட்டிவிட்ட வடிகால்.
நீடாமங்கலத்தில் போட்டதில் எத்தனை பிடி
என் நெல்லுக்குள் ஏறியது என்று
மண்வள அட்டையிலும் இல்லை.

வடிகால் போய் விழும் குட்டையில்
பக்கிரிசாமி வாத்து மேய்க்கிறார்.
போன கோடையில் அது பாலாடைபோல் திரண்டது,
அட்டையில் இல்லாத ஏழாவது பச்சை.
விடியலில் கெண்டைகள் மேலே வந்து
வாயைத் திறந்து திறந்து மூடின.
வாத்துகளை வேறு ஊருக்கு ஓட்டிப்போனார்.
எந்த வயல் என்று அவர் யாரையும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் எல்லாரும்
அடுத்த வயலைக் காட்டியிருப்போம்.

வெள்ளிக்கிழமை வேதரத்தினத்தின் பயிர் கருகருவென்று நின்றது.
அடித்தூரை விலக்கி
புகையான் இருக்கிறதா என்று பார்க்கக் கை பரபரத்தது.
அது என் வயல் இல்லை.

மறு செவ்வாய். எட்டரை. முதுகில் வெயில்.
ஏழு வெளுப்பு.
மூட்டையின் தையலைப் பிரித்தேன்.
வானத்தைப் பார்த்து, மடையை மிதித்து அடைத்து,
தண்ணீர் சேறளவுக்கு இறங்கும்வரை
வரப்பில் உட்கார்ந்திருந்தேன்.
ஆறு மாவுக்கும் சரியாக வந்தது.

கரையேறிச் சாக்கை உதறினேன்.
தையலோரம் ஒட்டியிருந்த குருணைகள்
வாய்க்காலில் விழுந்தன.
நாலா, ஐந்தா,
எண்ணுவதற்குள்
கரைந்துவிட்டன.